யானை வேலியும் பொலிஸ் டேசரும்

மாத்தளை என்றதும் எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளும் முத்துமாரியம்மன் கோயில் தேரும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மறுபாதி வேறு உலகம். நாலந்தை தாண்டி வடக்கே இறங்கினால் குளிர் விட்டுப்போகும், தேக்கும் புதரும் குளமும் வயலுமாக வரண்ட வலயம் தொடங்கிவிடும். தம்புள்ளை, கலேவெல, சீகிரியா, கிழக்கே வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிய வில்கமுவ என எல்லாமே யானை நடமாடும் பூமி. யானை உள்ள இடத்தில் மின்வேலியும் உண்டு.

அந்த வேலியைக் கிட்ட நின்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆள் இழுத்தாலே சாய்ந்துவிடும் போலிருக்கிற கம்பங்கள், இரண்டு மூன்று வரிக் கம்பிகள், ஓரமாக ஒரு கொட்டில். கொட்டிலின் கூரையில் சூரியத் தகடு, உள்ளே ஒரு பற்றரி, அதன் பக்கத்தில் எனர்ஜைசர் என்கிற பெட்டி. அந்தப் பெட்டி ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்கிறது. ஒவ்வொரு டிக்கிலும் கம்பியில் ஆறாயிரம், எட்டாயிரம் வோல்ட் ஏறி இறங்குகிறது. அதைத் தொட்ட யானை பிளிறிக்கொண்டு பின்வாங்கும். தொட்ட மனிதன் கையை உதறிவிட்டு, வேலி கட்டியவனின் பரம்பரையையே திட்டுவான். இரண்டு பேருக்கும் உயிர் போவதில்லை.

அதே ஊரில் காட்டுப்பன்றி வராமலிருக்க ஒருவர் தன் வீட்டு மின்னிணைப்பிலிருந்து வயலுக்கு நேரே ஒரு கம்பியை இழுத்துவிடுகிறார். அதில் இருப்பது வெறும் 230 வோல்ட். இரவில் அதில் கால் தட்டியவர் எழுந்திருப்பதில்லை. பன்றியும் சாகிறது, யானையும் சாகிறது, சில வேளை கம்பியைக் கட்டியவரே சாகிறார். தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தது இப்படிப்பட்ட ஒரு கம்பியில்தான். எண்ணாயிரம் வோல்ட் உயிரை விட்டுவைக்கிறது, 230 வோல்ட் எடுத்துவிடுகிறது.

இது ஏன் என்பதற்கு விடை தெரிந்தவருக்குப் பொலிஸாரின் மின்துப்பாக்கியான டேசர் பற்றிய பாதிக் கேள்விகளுக்கும் விடை தெரிந்த மாதிரி. இலங்கைப் பொலிஸாரிடம் டேசர் இன்னும் அன்றாட ஆயுதமாக வரவில்லை. பொல்லு, கண்ணீர்ப்புகை, தண்ணீர்த் தாரை, அதற்கு மேலே போனால் ரி-56 துப்பாக்கி. பொல்லுக்கும் ரி-56க்கும் நடுவில் பெரிய வெற்றிடம் இருப்பது உண்மைதான். அதனால்தான் எங்காவது பொலிஸ் துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால், “மற்ற நாட்டில் மாதிரி கரண்ட் துப்பாக்கி கொடுத்தால் என்ன?” என்ற பேச்சு எழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முன்பு அந்தக் கரண்ட் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை வோல்ட் என்பது தள்ளும் விசைதான். சேதம் செய்வது உள்ளே ஓடும் மின்னோட்டமும், அது ஓடுகிற நேரமும். வீட்டு மின்சாரத்தில் ஒரு மில்லிஅம்பியர் ஓடினால் விரலில் குறுகுறுப்பு. பத்து மில்லிஅம்பியரைத் தாண்டியதும் பிடித்த கம்பியை விட முடியாது. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை, எல்லாம் ஒன்றாகச் சுருங்கும்போது கை தானாக இறுகிக்கொள்ளும். மின்சாரம் ஆளை இழுக்கிறது என்று நாம் நம்புவது இதைத்தான். ஐம்பது, நூறு மில்லிஅம்பியர் நெஞ்சின் ஊடாக ஒரு விநாடி போல ஓடினால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்புத் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் அவருக்குள் 230 மில்லிஅம்பியரை ஓட்டிவிடும். வீட்டில் பூட்டியிருக்கும் டிரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிந்ததுமே விழுந்துவிடுவது இதற்காகத்தான்.

அப்படியானால் எண்ணாயிரம் வோல்ட் வேலியில் அம்பியர் கணக்கிலேயே ஓடுமே? ஓடத்தான் செய்கிறது, ஆனால் ஆயிரத்தில் ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. விடயம் முழுக்க அந்தக் குறுகிய நேரத்தில்தான் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் கல்வானி செத்த தவளையின் காலை மின்பொறியால் துள்ளவைத்தார். நரம்பும் தசையும் மின்சாரத்துக்குப் பணியும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். பிரெஞ்சு உடலியலாளர் லூயி லாப்பிக் 1909இல் அதை இன்னும் நுட்பமாக அளந்தார். ஒவ்வொரு திசுவையும் தூண்ட மின்னோட்டம் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அதன் வழியே பின்னர் செய்த அளவீடுகள் காட்டியது இது: தசையை இயக்கும் நரம்புக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, இரண்டு விநாடியே போதும். இதயத் தசைக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். இதயத் தசை தோட்டத்து வாசலின் பெரிய இரும்புக் கேற் மாதிரி. ஓங்கிச் சுண்டினால் சத்தம்தான் வரும், திறக்காது. மெதுவாகவே ஆனாலும் தள்ளிக்கொண்டே நின்றால் திறந்துவிடும்.

வீட்டு மின்சாரம் தள்ளிக்கொண்டே நிற்கும் வகை. விநாடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொரு அரைச் சுழற்சியும் நூறில் ஒரு விநாடி. இதயத்தைத் தூண்ட அது தாராளம். வேலியின் துடிப்போ அதில் சிறு பகுதி. நரம்பைச் சுண்டி வலிக்கவைத்துவிட்டு, இதயத்துக்குக் கேட்கும் முன்னரே ஓய்ந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு மின்வேலிப் பெட்டிகளுக்கென்றே ஒரு தரநிலை வைத்திருக்கிறது. ஒரு துடிப்பில் 500 ஓம் தடைக்குள் 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது, துடிப்பு நூறில் ஒரு விநாடியைத் தாண்டக்கூடாது, விநாடிக்கு ஒன்றுக்கு மேல் அடிக்கக்கூடாது. பெட்டிக்குள் இருக்கும் கொள்ளளவி மெதுவாக நிரம்பி ஒரேயடியாகக் கொட்டுவதால் இந்தக் கட்டுப்பாடு வடிவமைப்பிலேயே வந்துவிடுகிறது. கமக்காரர் கோபத்தில் இருந்தாலும், குடித்திருந்தாலும், பெட்டி தன் கணக்கை மீறாது. தமிழ்நாடு 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகளே கொண்டுவந்தது. (யானைகளும் சும்மா இல்லை. தந்தத்தில் மின்சாரம் ஓடாது என்று கண்டுபிடித்த கொம்பன்கள் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கின்றன. மற்றவை கம்பத்தை மிதித்துச் சாய்க்கின்றன. எத்தனை கிலோமீற்றர் வேலி போட்டாலும் பாடம் இரண்டு பக்கமும் நடக்கிறது.)

இப்போது டேசருக்கு வருவோம். 1970களில் இதை உருவாக்கிய ஜாக் கவர், அமெரிக்க விண்வெளித் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர். அவருடைய முதல் டேசர் வெடிமருந்தால் ஊசிகளைச் செலுத்தியதால் அமெரிக்க அரசு அதைச் சுடுகலன் என்றே வகைப்படுத்தியது, சந்தை படுத்துவிட்டது. 1993இல் ஸ்மித் சகோதரர்கள் அவருடன் சேர்ந்து அழுத்திய நைதரசன் வாயுவால் செலுத்தும் வகையைச் செய்தார்கள். இன்று அக்சோன் என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

பொலிஸாரிடையே நன்கு பரவிய எக்ஸ்26 வகையை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தினால் மெல்லிய செம்புக் கம்பி கட்டிய இரண்டு முள்ளூசிகள் பாய்ந்து ஆளின் மேல் தைக்கின்றன. விளம்பரத்தில் சொல்லும் ஐம்பதாயிரம் வோல்ட் ஊசிக்கும் தோலுக்கும் நடுவில் துணியோ காற்றோ இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டத்தான். உடம்புக்குள் போகும்போது அது ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்தான். ஒரு துடிப்பு பத்தாயிரத்தில் ஒரு விநாடி. அதன் ஆற்றல் பத்தில் ஒரு ஜூல் அளவு, அதாவது யானை வேலிக்கு அனுமதித்த உச்ச அளவில் ஐம்பதில் ஒரு பங்கு.

யானை வேலியைவிட ஐம்பது மடங்கு மெலிந்த அடி ஆளை எப்படி மரக்கட்டையாக விழுத்துகிறது? வேலி விநாடிக்கு ஒன்று அடிக்கிறது, டேசர் 19 அடிக்கிறது. ஒரு துடிப்பில் சுருங்கிய தசை தளர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் சுருக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பு விறைத்து நிற்கிறது. வேலி இரண்டு அடிக்கு நடுவே தொட்டவருக்கு ஓட நேரம் தருகிறது. டேசர் அந்த இடைவேளையைத் திட்டமிட்டே பறிக்கிறது. இரண்டும் ஒரே இயற்பியல்தான், நோக்கம் நேர்மாறு.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. வேலியில் நேரத்தைக் கட்டுப்படுத்துவது பெட்டி. டேசரில் அது ஒரு மனிதனின் சுட்டுவிரல். எக்ஸ்26இல் ஒருமுறை அழுத்தி விட்டால் ஐந்து விநாடி ஓடி நிற்கும். அழுத்திய விரலை எடுக்காவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் அழுத்தினால் இன்னொரு ஐந்து விநாடி. பின்னர் வந்த வகைகளில் ஐந்து விநாடியில் தானாக வெட்டும் ஏற்பாடு வந்தது. ஆனாலும் மறுபடி அழுத்துவதா வேண்டாமா என்ற முடிவு விரலிடமே இருக்கிறது. அமெரிக்கப் பொலிஸ் நிர்வாகிகள் ஆய்வு மன்றத்தின் 2011 வழிகாட்டல், மொத்தம் 15 விநாடியைத் தாண்டினால் ஆபத்து கூடும் என்று எச்சரிக்கிறது.

வன்கூவர் விமான நிலையத்தில் 2007 ஒக்டோபரில் நடந்தது இதற்குச் சாட்சி. போலந்திலிருந்து வந்து, மொழி தெரியாமல் மணிக்கணக்கில் வருகைப் பகுதியில் அலைந்து குழம்பிப்போயிருந்த ஒருவர் மீது கனேடியப் பொலிஸார் ஐந்து முறை டேசர் பாய்ச்சினார்கள். அவர் அங்கேயே இறந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி தோமஸ் பிரெய்ட்வுட் நடத்திய விசாரணை, யாருக்காவது உடற்காயம் ஏற்படுத்துகிறார் அல்லது உடனே ஏற்படுத்தப்போகிறார் என்ற நிலைக்குக் கீழே டேசரைத் தொடக்கூடாது, ஐந்து விநாடியைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. சொன்னதைக் கேட்காததும் சத்தம் போடுவதும் அந்த நிலையில் சேராது.

நெஞ்சுக்குக் குறிவைப்பது இன்னொரு சிக்கல். ஒல்லியான உடம்பில் ஊசி நெஞ்சில் தைத்தால் அதன் முனைக்கும் இதயத்துக்கும் இடையில் மிகச் சிறிய தூரமே இருக்கும். இதயம் சுண்டலுக்கு அசையாது என்ற கணக்கு அங்கே தளர்ந்துவிடுகிறது. தயாரிப்பு நிறுவனமே 2009இல் நெஞ்சைத் தவிர்த்து அதற்குக் கீழோ முதுகிலோ குறிவைக்கச் சொன்னது. 2012இல் இதயநோய் நிபுணர் டக்ளஸ் சைப்ஸ், டேசர் பட்டபின் சுயநினைவிழந்த எட்டுப் பேரின் பதிவுகளை ஆராய்ந்து, டேசரால் இதயம் நிற்கக்கூடும் என்று எழுதினார். நிறுவனத்தின் பக்கம் நின்றவர்கள் அதை மறுத்தார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. அரிதாகவே நடக்கும் என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை. அரிது என்று சொல்லி நெஞ்சில் சுடுவதற்கு நியாயம் தேட முடியாது என்பது என் கட்சி.

உண்மையில் டேசர் பட்டு ஏற்படும் சேதத்தில் மின்சாரத்தைவிடத் தரைக்குப் பங்கு அதிகம். விறைத்த உடம்புக்குக் கையை ஊன்றத் தெரியாது. நின்ற உயரத்திலிருந்து பின்மண்டை அப்படியே தரையில் மோதும். அவுஸ்திரேலியாவின் கூமா ஊரில் 2023 மே மாதம், முதியோர் இல்லமொன்றில் உணவுக் கத்தியோடு நடைச்சட்டத்தைப் பிடித்து நின்ற 95 வயது மூதாட்டி மீது ஒரு பொலிஸ்காரர் டேசர் பாய்ச்சினார். மூதாட்டி விழுந்து மண்டை அடிபட்டு ஒரு கிழமையில் இறந்தார். 2024 நவம்பரில் ஜூரிகள் அந்தப் பொலிஸ்காரரைக் குற்றவாளி எனக் கண்டார்கள். இதயத்துக்கு எதுவும் ஆகவில்லை, விழுந்ததுதான் கொன்றது.

இதை நம் ஊர் நிலத்தில் வைத்துப் பாருங்கள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக்கு ஏறும் கருங்கல் படிகளின் நடுவில் ஒருவர் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிறார். கீழே வடிகான், பக்கத்தில் மண் அணை. வடக்கே போனால் குளக்கட்டும் கைப்பிடிச் சுவரில்லாத கிணறும். டேசர் பழகிய நாடுகளில் உயரத்தில் நிற்பவர், தண்ணீர் ஓரத்தில் நிற்பவர், ஓடிக்கொண்டிருப்பவர் மீது பாய்ச்சாதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலைநாட்டில் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் டேசரை வெளியே எடுக்கக்கூடிய சமதரை தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எடுத்தாலும் வேலை செய்யும் என்ற நிச்சயம் இல்லை. இரண்டு ஊசிகளும் தைத்தால்தான் சுற்று முழுமையாகும். எக்ஸ்26இல் அவை எட்டுப் பாகைக் கோணத்தில் விலகிப் பாய்கின்றன. ஒரு மீற்றர் தூரத்தில் இடைவெளி 14 சென்ரிமீற்றர்தான், இரண்டு மீற்றரில் 28. தசைகள் ஒன்றாக விறைக்க ஏறக்குறைய ஓர் அடி இடைவெளியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் வலி மட்டும் வரும், ஆள் நிற்க மாட்டார், கோபம்தான் கூடும். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் பொலிஸாரின் சொந்தப் பதிவுகளே பத்துக்கு நாலு தடவை பலிக்கவில்லை என்று காட்டுகின்றன. கையில் டேசர் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசிப் பார்க்காமல் கிட்டப் போகும் உத்தியோகத்தருக்கும் அதனால் ஆபத்து.

பெற்றோல் பக்கத்தில் டேசர் என்ற பேச்சே கூடாது. அது ஒரு மின்பொறி. அமெரிக்காவின் புளோரிடாவில் 2022இல் ஒரு பெற்றோல் செட்டில் எரிபொருள் சிந்திக் கிடந்தபோது டேசர் பாய்ச்சியதில் ஓர் இளைஞரின் உடம்பில் பெரும்பகுதி எரிந்துபோனது. அதே ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையில், எரிபொருள் விலை உயர்வுக்கு எதிராக ரயில் கடவையை மறித்து நின்றவர்கள் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தி ஒருவர் கொல்லப்பட்டார். பவுசருக்குத் தீ வைக்க முயன்றார்கள் என்பது பொலிஸார் சொன்ன காரணம். அங்கே டேசர் இருந்திருந்தால் என்று பலர் கேட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் டேசருக்கு வேலையே இல்லை. அது ஒரேயொரு ஆளை, சில மீற்றர் தூரத்தில், சில விநாடி நிறுத்தும் கருவி. பவுசர் ஒன்று நிற்கும் இடத்தில் அதை எடுப்பவர் எரிகிற கொள்ளியையே எடுக்கிறார்.

அப்படியானால் யாரிடம் பயன்படும்? கத்தியோடு தனியாக நிற்கும் ஒருவர், உயிருக்கே துணிந்த ஒருவர் என்றுதான் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அங்கேதான் இன்னொரு முடிச்சு. ஐஸ் போதையில் இருப்பவர், மனநோய் முற்றியவர், ஓடிப் போராடிக் களைத்தவர் ஆகியோரே இப்படிப் பொலிஸாரின் முன்னால் வந்து நிற்பவர்கள். இதயமும் மூச்சும் எல்லை வரை போய்விட்டவர்களும் அவர்களே. அமெரிக்காவில் நீண்டகாலம் இத்தகைய மரணங்களுக்கு ‘கிளர்ச்சிப் பிரமை’ என்று ஒரு காரணம் எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்த நாட்டின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரி 2023இல் அதற்கு ஆதரவாகத் தான் வெளியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெற்றது.

இலங்கையில் டேசர் பற்றிப் பேசும்போது இன்னும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊசியைப் பாய்ச்சாமலே கருவியின் முகப்பை உடம்பில் அழுத்தி விசையைத் தட்டலாம். அப்போது ஆள் விறைப்பதில்லை, வலி மட்டுமே. ஓடுகிறவரை நிறுத்த அது உதவாது. ஏற்கெனவே பிடிபட்டவருக்கு வலி கொடுக்கத்தான் உதவும், பெரிய தழும்பும் இராது. பொலிஸ் நிலையக் கூண்டுக்குள் இது என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது, 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. ஐக்கிய நாடுகளின் 2020 வழிகாட்டலும் தோலில் அழுத்தும் இந்த முறையை ஏற்கவில்லை.

நல்ல விடயம் என்னவென்றால், டேசர் தன்னைப் பற்றித் தானே குறிப்பெழுதும் கருவி. எத்தனை மணிக்கு, எத்தனை முறை, எத்தனை விநாடி அழுத்தப்பட்டது என்பது அதன் நினைவகத்தில் இருக்கும். எக்ஸ்26 போன்றவற்றில் சுடும்போது தொடர் இலக்கம் அச்சிட்ட சின்னஞ்சிறு காகிதத் துண்டுகளும் சிதறும், எந்தத் தோட்டாவிலிருந்து என்று பிறகு கண்டுபிடிக்கலாம். பிரித்தானியாவில் ஒவ்வொரு பயன்பாடும் பதிவாகிப் புள்ளிவிவரமாக வெளிவருகிறது. அங்கே பெரும்பாலான தடவைகளில் சுடவே இல்லை, வெளியே எடுத்ததும் சிவப்புப் புள்ளி நெஞ்சில் விழுந்ததுமே ஆள் அடங்கியதாகத்தான் பதிவு. ஆகவே இங்கே என்றாவது டேசர் வாங்கும் பேச்சு வந்தால், விலைமனு கோர முன்பு கேட்க வேண்டியது இது: அந்த நினைவகத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் யாருக்கு? பொறுப்பதிகாரிக்கு மட்டுமென்றால் வேண்டவே வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் நீதவானும் கேட்ட மாத்திரத்தில் பார்க்க முடியும் என்றால், ஐந்து விநாடியில் தானாக வெட்டும் வகை மட்டுமே என்றால், பாய்ச்சிய ஒவ்வொருவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கட்டாயம் இருந்தால், அப்போது பேசலாம்.

அதுவரை மாத்தளையில் உயிரெடுக்கும் மின்சாரம் டேசரில் இல்லை, பன்றிக்கென்று இழுத்த கள்ளக் கம்பியில்தான் இருக்கிறது. யாராவது அதில் விழுந்து கிடப்பதைக் கண்டால் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த தடியால் கம்பியை விலக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள். பக்கத்தில் நிற்பவரைச் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இலக்கம் 1990, கட்டணம் இல்லை.